கட்டாமல் விட்ட சுவர்: திருப்பணிக் குழுவின் நிறைவு அறிக்கை

அன்பார்ந்த சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் மகளிர் சங்கம் கையில் எடுத்த குழந்தைகள், முதியோர் நல வளாகத்தின் திருப்பணி முடிந்துவிட்டது. குழந்தைகளுக்கு நான்கு சிறு வீடுகள், பெரியவர்களுக்குத் தாழ்வாரத்தோடு ஒரு கட்டடம், நடுவில் முற்றம், பொதுச் சமையலறை, நோயுற்றவர்களுக்குத் தனி அறை. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துதான் ஒப்புக்கொண்டோம். தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கு தனியாக இணைக்கப்பட்டிருக்கிறது. ரசீதுக் கட்டுகளை எந்த உறுப்பினரும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். உங்களிடம் ஒப்புதல் வாங்கிய வரைபடத்திலிருந்து எங்கே மாறினோம், ஏன் மாறினோம் என்பதை மட்டும் இங்கே விவரமாகச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் சுவர். பழைய வரைபடத்தில் முற்றத்தின் குறுக்கே ஆளுயரச் சுவர் ஒன்று இருந்தது. இந்தப் பக்கம் பிள்ளைகள், அந்தப் பக்கம் பெரியவர்கள், ஆளுக்கொரு வாசல். சத்தம், நோய்த்தொற்று, பாதுகாப்பு என்று அதற்குச் சொன்ன மூன்று காரணங்களும் நியாயமானவை. ஆனாலும் குழுவில் பலருக்கு மனசு ஒப்பவில்லை. தாத்தா பாட்டி இல்லாத பிள்ளைகளையும், பேரப்பிள்ளைகள் எட்டிப்பார்க்காத பெரியவர்களையும் ஒரே மனைக்குள் கொண்டுவந்து, நடுவே நாமே சுவர் எழுப்புவதா? டோக்கியோவில் கோடோயென் என்ற இல்லத்தில் முதியோரையும் மழலையர் காப்பகத்தையும் 1976-இலேயே ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு எங்களுக்குத் துணிச்சல் வந்தது.

சுவரை விட்டோமே தவிர, அந்தக் காரணங்களை விடவில்லை. பெரியவர்களின் படுக்கையறைகளை முற்றத்துக்கு எதிர்ப்புறமாகத் திருப்பிவிட்டோம். மதியம் கண்ணயர்ந்தால் விளையாட்டுச் சத்தம் எட்டாது. முற்றத்தில் கால் வைக்கும் இரண்டு இடத்திலும் கை கழுவும் தொட்டி உண்டு. சளி, காய்ச்சல் என்றால் குணமாகும்வரை முற்றத்துக்கு வரக்கூடாது என்பது இரு தரப்புக்கும் விதி. குழந்தைகள் புழங்கும் எல்லாப் பொது அறைக் கதவிலும் கண்ணாடிப் பட்டை வைத்திருக்கிறோம். யாராக இருந்தாலும், சங்க உறுப்பினரே ஆனாலும், மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக்கூடாது. இதை யாரும் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது சாய்தளம். இதில் ஒரு தவறு நடந்தது, மறைக்க விரும்பவில்லை. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. தாழ்வாரத்தின் உயரம் இரண்டடி. ஆக, இருபத்து நான்கடி. ஒப்பந்தக்காரர் இடம் போதவில்லை என்று பதினாலடியிலேயே முடித்துவிட்டார். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. நம்மில் ஒருவர் சக்கர நாற்காலியில் உட்கார, இன்னொருவர் கீழிருந்து தள்ளினார். பாதி தூரத்தில் நாற்காலி நின்றது, பின்னோக்கி நகரத் தொடங்கியது. ஓடிப்போய் நான்கு பேர் பிடித்தோம். அன்றைக்கே உடைக்கச் சொல்லிவிட்டோம். புதிய சாய்தளம் நடுவில் ஒரு சமதளத்தோடு திரும்பி ஏறுகிறது. கான்கிரீட் முழு வலுப்பெற 28 நாள் ஆகும் என்பதால் திறப்பு தள்ளிப்போனது. தாமதத்துக்குக் கோபப்பட்ட உறுப்பினர்களுக்கு இதுதான் எங்கள் பதில்.

அந்தச் சாய்தளத்தின் கைப்பிடியை வந்து பாருங்கள். மேல் கம்பி தொண்ணூறு சென்டிமீட்டர் உயரத்தில், கீழ்க் கம்பி அறுபத்தைந்தில். பெரியவர் மேலே பிடிப்பார், குழந்தை கீழே பிடிக்கும். செங்குத்துக் கம்பிகளுக்கு நடுவே பத்து சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லை. சின்னப் பிள்ளையின் தலை நுழையாது. கம்பியின் முனைகளைச் சேலையோ சட்டையோ மாட்டாதபடி சுவர்ப்பக்கம் வளைத்துவிட்டிருக்கிறார் பற்றவைப்பவர். அதை நாங்கள் சொல்லவில்லை, அவராகச் செய்தார்.

குளியலறைகளில் வழுக்காத தரை, பிடித்து எழக் கம்பி. கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக் கிடந்தாலும் திறக்க முடிய வேண்டுமே. வெந்நீர் 43 டிகிரிக்கு மேல் போகாதபடி குழாயிலேயே கட்டுப்பாடு இருக்கிறது. குழந்தையின் தோலும் முதியவரின் தோலும் மெல்லியவை, சட்டென்று வெந்துவிடும். விளக்குகள் ஏன் இவ்வளவு என்று சிலர் கேட்டீர்கள். இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் சேர்கிறது. நம் கண்ணுக்கு அதிகமாகத் தெரிவது அவர்களுக்குச் சரியான அளவு.

பெரும் விவாதம் நடந்தது தொட்டில் அறை பற்றித்தான். கைக்குழந்தைகளையும் ஏற்கலாம் என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் ஆசையோடு கேட்டார்கள். அந்த ஆசையின் ஈரம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் குடும்பச் சூழலில்தான் வளர்க்க வேண்டும் என்று 2009-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அந்த வயதில் ஒரே மடி, ஒரே முகம் வேண்டும். முறை மாற்றி வேலைக்கு வரும் பணியாளர்கள் எவ்வளவு அன்பானவர்களாக இருந்தாலும் அதைத் தர முடியாது. அதனால் தொட்டில் அறை இல்லை. அந்த அறையில் இப்போது பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் வாசிப்பு மேசை போட்டிருக்கிறோம்.

நீள விடுதிக்குப் பதில் சிறு வீடுகள் கட்டியதும் இதே எண்ணத்தில்தான். 1949-இல் ஆஸ்திரியாவின் இம்ஸ்ட் ஊரில் ஹெர்மன் க்மைனர் தொடங்கிய குழந்தைகள் கிராமத்திலும் வீட்டுக்கு ஒரு தாய் என்ற ஏற்பாடுதான். உடன்பிறந்த பிள்ளைகளை நாமும் ஒரே வீட்டில்தான் வைப்போம்.

மீதி வேலைகள்: பின்பக்க வேலி, முற்றத்து நிழல் மரங்கள், மருந்து அலமாரிக்கு இரட்டைப் பூட்டு. அலமாரி பூட்டப்படும்வரை ஒரு குழந்தையையும் உள்ளே அழைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அப்புறம், கீழ்க் கம்பிக்கு என்ன நிறம் பூசுவது என்பதைப் பிள்ளைகள் வந்ததும் அவர்களிடமே கேட்கப்போகிறோம். அதுவரை அது சாம்பல் பூச்சோடு இருக்கும்; வேலை முடியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்