ஆயில் கசிவுக்கு மூன்று முறை சீல் மாற்றியும் காரணம் பார்க்காத சர்வீஸ் குறித்துப் புகார்

அனுப்புநர்:
ஒரு விவசாயி, மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 5 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் – தவறான பழுதுபார்ப்பு – வசூலித்த தொகையைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1986இல் என் தந்தை வாங்கிய தங்கள் நிறுவனத்தின் ஒற்றை சிலிண்டர், நிமிடத்துக்கு 1500 சுற்று இன்ஜின்தான் எங்கள் ஃபில்டர் பாயிண்ட் (ஆழமில்லாத குழாய்க் கிணறு) பம்பை இன்றும் ஓட்டுகிறது. இலவச மின் இணைப்புக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் எங்களுக்கு, மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்வரை குறுவை நாற்றங்காலைக் காப்பாற்றுவது இது ஒன்றே.

கடந்த பிப்ரவரியில் தங்கள் அங்கீகார சர்வீஸ் மையத்தில் லைனர், பிஸ்டன், ரிங் மாற்றி, பச்சை பெயிண்டும் அடித்துக் கொடுத்தார்கள். ஓட்டத் தொடங்கிய ஒரு வாரத்திலேயே ஃபிளைவீல் பக்கம் ஆயில் ஒழுகத் தொடங்கியது. எட்டு மணி நேரம் ஓட்டினால் அடியில் வைத்த டப்பாவில் கால் லிட்டருக்குக் குறையாமல் சேர்ந்ததுடன், ஃபிளைவீல் வாரியடித்த ஆயில் பெல்ட்டில் பட்டு, அது வழுக்கி, பம்பு பாதித் தண்ணீர்தான் இறைத்தது.

மார்ச், ஏப்ரல், மே என மூன்று முறை தங்கள் மெக்கானிக் வந்து கிராங்க் ஷாஃப்ட் ஆயில் சீலை (சுழலும் தண்டைச் சுற்றி ஆயில் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை) மாற்றி, ஒவ்வொரு முறையும் 1,400 ரூபாய் பெற்றுச் சென்றார். பழைய ரப்பர் இறுகிப்போயிருந்ததால் முதல் சீல் மாற்றியதை நான் குறை கூறவில்லை. ஆனால் புது சீலும் ஒழுகியபோது, ஏன் ஒழுகுகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை என்பதே என் வருத்தம். மூன்றாம் முறை, ஷாஃப்ட்டில் பள்ளம் விழுந்துவிட்டது, கிராங்க் ஷாஃப்டையே மாற்ற வேண்டும் என்றார். சீல் கழற்றியிருந்த அந்த இடத்தில் நானே நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். எங்கும் நகம் தட்டவில்லை. அதைச் சொல்லியும் அவர் கேட்கவில்லை.

பிறகு எங்கள் ஊர்ப் பட்டறை மேஸ்திரி வந்து, ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தியதும் உள்ளிருந்து புகையும் காற்றும் சீறி வந்தன. உடனே, கிராங்க் ஷாஃப்ட் சுழலும் பெட்டியான கிராங்க் கேஸின் காற்றுப்போக்கியான பிரீதரைக் கழற்றினார். அதன் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு, தங்கள் மையத்தில் அடித்த பச்சை பெயிண்ட் வழிந்து காய்ந்ததால் அது உட்காரும் இடத்தோடு ஒட்டிக்கிடந்தது. பிஸ்டன் கீழே இறங்கும்போது கிராங்க் கேஸ் காற்றை வெளியே விட்டு, மேலே ஏறும்போது வெளிக்காற்று உள்ளே புகாமல் அடைத்துக்கொள்ள வேண்டிய தகடு அது. அது அசையாவிட்டால் உள்ளே அழுத்தம் கூடி, எந்தப் புது சீலையும் மீறி ஆயிலை வெளியே தள்ளிவிடும். தின்னரில் கழுவி, வாயால் ஊதினால் காற்றுப் போவதையும் உறிஞ்சினால் நிற்பதையும் காட்டிவிட்டு அவர் திரும்ப மாட்டினார். சீலைத் தொடவே இல்லை. அதன்பின் பத்து நாட்களாகத் தினமும் ஓட்டுகிறேன். டப்பா காய்ந்தே கிடக்கிறது.

பத்து நிமிட வேலையைக் கவனிக்காமல், நல்ல கிராங்க் ஷாஃப்டையே மாற்றச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. வேறொரு விவசாயியாக இருந்தால் கடன் வாங்கி மாற்றியிருப்பார்.

ஆகவே, தேவையின்றி மாற்றிய இரண்டு சீல்களுக்காக வசூலித்த 2,800 ரூபாயைத் திருப்பித் தரவும், 'ஷாஃப்ட் தேய்மானம்' என்று வேலை அட்டையில் எழுதியதைத் திருத்தித் தரவும் வேண்டுகிறேன். ஆயில் கசிவு என்று வரும் எந்த இன்ஜினிலும் சீலைக் கழற்றும் முன் பிரீதரைப் பார்க்க வேண்டும் என்றும், பெயிண்ட் அடிக்கும் முன் அதைக் கழற்றி வைக்க வேண்டும் என்றும் தங்கள் மையங்கள் அனைத்துக்கும் எழுத்தில் அறிவுறுத்தக் கோருகிறேன். மூன்று ரசீதுகளின் நகல்களையும், தகட்டிலிருந்து சுரண்டி எடுத்த பெயிண்ட் துணுக்கின் படத்தையும் இணைத்துள்ளேன். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.