தொழிலுக்கு வந்தால் ‘ஒதுங்கினார்’ என்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அந்தக் காலக் குழந்தை நட்சத்திரங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய ஸ்டில்களைத் தேடிப் பிடித்துப் போட்டிருந்தீர்கள், அருமை. ஆனால் ஒவ்வொருவரைப் பற்றியும் முடிக்கும்போது ‘வாய்ப்புக் குறைந்ததும் தொழில் பக்கம் ஒதுங்கிவிட்டார்’ என்கிற தொனி. ஒதுங்கி நிற்பதற்குத் தொழில் என்ன மரத்தடி நிழலா?

குட்டி பத்மினியையே எடுத்துக்கொள்வோம். 1965-இல் ஏவி.எம். தயாரிப்பில், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் வந்த ‘குழந்தையும் தெய்வமும்’ படத்தில், பிரிந்த அப்பா அம்மாவைச் சேர்த்து வைக்கும் இரட்டைப் பெண்களாக அவர் ஒருவரே நடித்தார். கம்ப்யூட்டர் இல்லாத அந்த நாளில் இரட்டை வேடம் என்றால் லேசான வேலையா? கேமராவில் ஒரு பாதியை மறைத்துவிட்டு ஒரு தடவை எடுப்பார்கள். அப்புறம் அதே பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறுபாதியை மறைத்து இன்னொரு தடவை. எதிரில் ஆளே இல்லாத இடத்தைப் பார்த்துப் பேச வேண்டும், சரியான இடைவெளியில் நிறுத்த வேண்டும், இரண்டு பாதிக்கும் நடுவே உள்ள கோட்டைத் தாண்டக் கூடாது. பெரிய நடிகர்களே தடுமாறும் விஷயம். (இதே கதை 1968-இல் இந்திக்குப் போனபோது அந்த இரட்டை வேடத்தில் நடித்த சிறுமி, பின்னாளில் கதாநாயகியான நீது சிங்.)

வளர்ந்த பிறகு குட்டி பத்மினி துணை வேடங்களில் நடித்தார். அப்புறம் வைஷ்ணவி பிலிம்ஸ் என்ற பெயரில் சின்னத்திரைத் தயாரிப்பாளர் ஆனார். ஜெமினி கணேசன் நடித்த ‘கிருஷ்ணதாசி’ தொடரை நம் வீட்டுப் பெண்கள் இன்னமும் மறக்கவில்லை. இதை ‘ஒதுங்கியது’ என்பவர்களுக்கு அப்போதைய சீரியல் வியாபாரம் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். சேனலுக்குத் தயாரிப்பாளரே பணம் கட்டி ஸ்லாட், அதாவது ஒளிபரப்பு நேரம், வாங்க வேண்டும். எபிசோட் எடுக்கும் செலவும் அவருடையது. அதற்கு ஈடாகக் கிடைக்கும் விளம்பர நிமிடங்களைக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி விற்றுக்கொள்ள வேண்டும். விற்காவிட்டால் நஷ்டம் அவர் தலையில். இதற்கு நடுவே, நாளைக்கு ஒளிபரப்பாக வேண்டிய எபிசோடுக்கு நடிகரின் கால்ஷீட் கிடைக்காவிட்டால் கதையையே மாற்றியாக வேண்டும்.

இந்த வேலைக்குச் செட்டிலேயே வளர்ந்தவரைவிடப் பொருத்தமானவர் யார்? எந்த ஷாட்டுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும், லைட்டிங் தாமதமானால் எவ்வளவு பணம் போகும், பேட்டா (தினப்படி) தகராறு எங்கே ஆரம்பிக்கும் என்பதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ‘களத்தூர் கண்ணம்மா’ சிறுவன் கமல்ஹாசன், 80களில் சொந்தமாகத் தயாரிப்பு நிறுவனம் நடத்தத் தொடங்கியதும் இந்த வகைதான். அவர் நடிப்பை விடவில்லை, அதனால் அவரை யாரும் ‘ஒதுங்கினார்’ என்று எழுதவில்லை. சரி, அது போகட்டும்.

உங்கள் கட்டுரை கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: சின்ன வயதில் சம்பாதித்த பணம் யார் கைக்குப் போனது? அமெரிக்காவில் ஜாக்கி கூகன் என்ற பையன், 1921-இல் சாப்ளினோடு நடித்து உலகப் புகழ் பெற்றவன். வளர்ந்து பார்த்தபோது பணம் பெரும்பாலும் கரைந்திருந்தது. 1938-இல் தாய் மீதும் தாயின் இரண்டாவது கணவர் மீதும் வழக்குப் போட்டான். அடுத்த வருடமே கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் வருமானத்தைப் பாதுகாக்கச் சட்டம் வந்தது. நம் நாட்டில் அதற்கு 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் அந்த வருட விதிகள்படி, குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தயாரிப்பாளர் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தை பெயரிலேயே டெபாசிட் செய்ய வேண்டும். 18 வயது ஆனதும் அது பிள்ளையின் கைக்கு வரும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடைவேளை இல்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. தன் பெயரில் டெபாசிட் எதுவும் இல்லாத தலைமுறையில் வளர்ந்து, தொழில் தொடங்கி நடத்திக் காட்டியவர்களைப் பற்றித்தான் நாம் ‘பாவம்’ தொனியில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த முறை ஏதாவது சீரியல் குழந்தையையோ ரியாலிட்டி ஷோ பிள்ளையையோ பேட்டி எடுக்கப் போனால், ‘பெரியவனானால் என்ன ஆவாய்?’ என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அந்த 20 சதவீத டெபாசிட் ரசீது இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடமும் கேட்டு, அவர் சொல்லும் பதிலை அப்படியே அச்சில் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்