மாமியைப் பற்றியும் கேளுங்கள்: கொழும்பு யூரோலொஜி கிளினிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் புரொஸ்டேட் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்யும் வைத்திய நிபுணர்களுக்கும், அவர்களுடைய கிளினிக்குகளில் நோயாளரின் விபரங்களை எழுதும் இளம் வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும்,

வணக்கம்.

என் அப்பாவின் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில், குடும்பத்தில் யாருக்காவது இந்த வருத்தம் இருந்ததா என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் பிழையாக எழுதவில்லை. அப்பாவும் பொய் சொல்லவில்லை. அவருடைய அப்பாவுக்கோ அண்ணன் தம்பிமாருக்கோ புரொஸ்டேட் கான்சர் இருந்ததா என்று சிங்களத்தில் கேட்டார்கள். நான்தான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். “அப்பிடி ஒருத்தருக்கும் இல்லையே தம்பி” என்றார். அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, 44 வயதில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர். அப்பாச்சி வயிறு ஊதி, தண்ணீர் எடுத்து எடுத்து, மூன்று மாதத்தில் போய்ச் சேர்ந்தவர். அது சூலகப் புற்றுநோய் என்பதே யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த பழைய ட்ரங்குப் பெட்டிக்குள் கிடந்த ஆஸ்பத்திரித் துண்டைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும். அந்தத் துண்டை நாங்கள் தேடியது, அப்பாவுக்கு நோய் திரும்பி வந்த பிறகு. ஆண்களுக்கு வரும் வருத்தத்துக்குக் காட்டப் போன இடத்தில், வீட்டுப் பெண்களின் வருத்தத்தைச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு எப்படித் தோன்றும்?

சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்தது. செய்தவர்களுக்கு இன்றும் நன்றியோடிருக்கிறோம். புரொஸ்டேட் சுரப்பியை முழுதாக எடுத்தால், அது இரத்தத்தில் விடும் பி.எஸ்.ஏ. என்ற புரதம் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் அளவிட முடியாத அளவுக்கு இறங்கிவிட வேண்டும், அப்பாவுக்கும் இறங்கியது. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுக்க ஊசி, ரிப்போட், பி.எஸ்.ஏ. என்ற அந்த ஒற்றை எண். உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன், இதை வாசிக்கக்கூடிய மற்றக் குடும்பங்களுக்காக: அந்த எண் ஒரு மில்லிலீற்றருக்கு 0.2 நனோகிராமைத் தொட்டு, இரண்டாவது பரிசோதனையும் அதை உறுதிசெய்தால் நோய் திரும்பியிருக்கிறது என்று கொள்கிறார்கள். உடம்பில் ஒரு குணங்குறியும் இருக்காது. அப்பா அப்போதும் வெள்ளவத்தைச் சந்தைக்கு நடந்துபோய் மரக்கறி வாங்கி வந்துகொண்டிருந்தார். இருபதாவது மாதம் 0.23. ஆறு வாரம் கழித்து 0.41.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு பத்து ஆண்டுகளுக்குள் 100 பேரில் 20 முதல் 40 பேருக்கு இந்த எண் திரும்ப ஏறுகிறது. ஏறிய எல்லாருக்கும் அது உயிராபத்தாக முடிவதில்லை. 1999 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரி வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வில், எண் ஏறியதிலிருந்து நோய் வேறிடத்துக்குப் பரவ நடுத்தரமாக 8 ஆண்டுகள் சென்றிருக்கின்றன. ஆனால் சிலருக்கு அந்த எண் மாதக்கணக்கில் இரட்டிக்கிறது. யாருக்கு மெதுவாக, யாருக்கு வேகமாக என்பதுதான் வீட்டில் இரவிலே நித்திரையில்லாமல் கிடப்பவர்களின் கேள்வி.

நான் எல்லாவற்றையும் பரம்பரையின் தலையில் போடவில்லை. பெரும்பாலானவர்களுக்கு க்ளீசன் புள்ளி (புற்றுநோயின் கடுமையைக் காட்டும் எண்), வெட்டிய விளிம்பில் புற்றுக்கலம் இருந்ததா, பக்கத்திலிருக்கும் சுக்கிலப் புடகம் என்ற விந்துப் பைக்குள் போயிருந்ததா என்பவைதான் முதலில் பேசும். கட்டிக்குள்ளேயே புதிதாக ஏற்படும் மாற்றங்களும் உண்டு. ‘பிடென்’ என்ற மரபணுவைக் கட்டி இழந்துவிட்டால் நோய் திரும்பும் வாய்ப்புக் கூடுகிறது. அது பிள்ளைகளுக்குப் போவதில்லை. நான் எழுதுவது பிறப்பிலேயே வரும் பழுதைப் பற்றி, முக்கியமாக பிஆர்சிஏ2 என்ற மரபணுவின் பழுதைப் பற்றி.

13ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கும் இந்த மரபணுவின் வேலை, அறுந்துபோன டிஎன்ஏ இழையைச் சரியாகப் பொருத்துவது. ஆங்கிலத்தில் மார்பகப் புற்றுநோயின் பெயரிலேயே அதை அழைப்பதால் பெண்களின் விடயம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அப்பாச்சியிடமிருந்து அப்பாவுக்கும் மாமிக்கும் அந்தப் பழுது ஒன்றுபோலத்தான் வந்தது. அதைச் சுமக்கும் ஆண்களுக்குப் புரொஸ்டேட் புற்றுநோய் கடுமையாக வருவதும், சத்திரசிகிச்சைக்கோ கதிர்வீச்சுக்கோ பிறகு வேகமாகப் பரவுவதும் பல ஆய்வுகளில் கண்டது. 2016 இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், நோய் பரவிய 692 ஆண்களில் 11.8 சதவீதமானோர் டிஎன்ஏ திருத்தும் மரபணு ஏதாவதொன்றில் பிறவிப் பழுதோடு இருந்தார்கள்; பிஆர்சிஏ2 மட்டும் 5.3 சதவீதம். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. குடும்பத்தில் புரொஸ்டேட் புற்றுநோய் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இந்த வீதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அப்படியென்றால், எங்களிடம் கேட்ட அந்த ஒரு கேள்வி மட்டும் பரிசோதிக்க வேண்டியவர்களைக் கண்டுபிடிக்கப் போதாது.

தெற்காசியர்கள் இந்த ஆய்வுகளில் மிகக் குறைவு. புரொஸ்டேட் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும், 2012 இல் கண்டறியப்பட்ட எச்ஓஎக்ஸ்பி13 மரபணு மாற்றம் வட ஐரோப்பிய வம்சத்தாரில் அதிகம். அங்கிருந்து வரும் அட்டவணையை அப்படியே எங்கள் மேல் போட்டுப் பார்க்க முடியாது. ஆகவே வீட்டுக் கதை எங்களுக்கு இன்னும் முக்கியம். யாருக்கு எங்கே கட்டி, எத்தனை வயதில் என்று எங்கள் பெரியம்மாமாரிடம் கேட்டால் மூன்று தலைமுறைக்குச் சொல்வார்கள். அதைக் கேட்டு எழுத ஐந்து நிமிடம் போதும்.

தயவுசெய்து கேளுங்கள்: தாய், சகோதரி, மாமி, சித்தி யாருக்காவது மார்பிலோ சூலகத்திலோ கணையத்திலோ புற்றுநோய் வந்ததா, எந்த வயதில்? தமிழ் நோயாளியிடம் தமிழில் கேளுங்கள். 1987 முதல் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் ஒரு படிவம் அச்சடிப்பது பெரிய காரியமில்லை. மகனோ மருமகளோ மொழிபெயர்த்தால் சிலவற்றை அப்பாமார் சொல்லவே மாட்டார்கள், கூச்சம்.

எண் விரைவாகத் திரும்பினால், மரபணுப் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது என்பதையாவது சொல்லுங்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலேயே மரபியல் பிரிவு இருக்கிறது, ஆலோசனைக்கு ஆளில்லாத நகரம் இல்லை இது. எங்களுக்கு அதைச் சொன்னது, கடைசியில் தனியாகக் காசு கட்டி சனல் பண்ணிக் காட்டிய ஒரு வைத்தியர். பரிசோதனைக்காக, வெட்டி எடுத்த கட்டியை மெழுகில் பதித்து வைத்திருக்கும் துண்டை வாங்கி வரச் சொன்னார். சத்திரசிகிச்சை நடந்த இடத்தில் அதைத் தேடி எடுக்க ஏழு வாரம் அலைந்தேன். எந்த இலக்கத்தில் எங்கே வைத்திருக்கிறது என்று வீட்டுக்கு விடும்போதே கொப்பியில் எழுதித் தந்தால் அந்த ஏழு வாரம் மிஞ்சும்.

தெரிந்து என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. டிஎன்ஏ திருத்தும் மரபணுவில் பழுதுள்ளவர்களுக்கு, நோய் பரவி ஹோர்மோன் சிகிச்சைக்கும் கட்டுப்படாத நிலையில் கொடுப்பதற்கென்று ஒலாபரிப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2020 மே மாதம் அனுமதி கிடைத்தது. அப்பாவுக்கு அது தேவைப்படக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். தேவைப்பட்டால் வழி தெரிந்திருக்கிறது. எனக்கு 41 வயது. அப்பாவின் பழுது எனக்கு வந்திருக்க சரிபாதி வாய்ப்பு, தங்கச்சிக்கும் அதே அளவு. இதைச் சுமக்கும் ஆண்கள் 40 வயதிலிருந்தே பி.எஸ்.ஏ. பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

இன்னொரு வேண்டுகோள், இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அப்பாவுக்குப் பிஆர்சிஏ2 பழுது இருக்கிறது என்று மரபணு ரிப்போட் வந்த அன்று அம்மா முதலில் சொன்னது, “வெளியில மூச்சு விடாத, பிள்ளைக்குக் கலியாணம் பேசுறம்.” அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், அவருடைய பயம் உண்மையானது. அதனால் இந்த முடிவுகளை வரிசையில் நிற்கும் சனத்துக்கு முன்னால் உரத்து வாசிக்காதீர்கள். கதவைச் சாத்தி, அப்பாவோடு தங்கச்சியையும் இருத்தி, இது சாபமில்லை, பார்த்துக்கொள்ளக்கூடிய ஒன்று என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நாங்கள் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் அம்மா கேட்பார்.

அப்பாவின் கொப்பியில் அந்த ‘இல்லை’ இன்னும் அப்படியே கிடக்கிறது. அடுத்த கிளினிக் நாளில் அதை வெட்டி, மாமிக்கு 44 வயதில் மார்பு, அப்பாச்சிக்குச் சூலகம் என்று எழுதித் தரும்படி கேட்கப் போகிறேன். ட்ரங்குப் பெட்டித் துண்டையும் கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து, ஒரு நோயாளியின் மகன்