சிக்கர் முனைக்குப் போகும் மகளுக்கு

திருவொற்றியூர்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். அடுத்த மாதம் நிலவியல் வகுப்போடு ஸ்காட்லாந்துக் கடற்கரையில் இருக்கும் சிக்கர் முனைக்குப் போகிறோம் என்று சொன்னாய். போனில் பாதிதான் பேச முடிந்தது, மீதியை எழுதிவிடுகிறேன். இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதே. பாறை பேசாமல் விட்ட காலத்தை, அதாவது அடுக்குகளுக்கு நடுவே பதிவே இல்லாத இடைவெளியை, கண்ணால் பார்க்க அதைவிடத் தெளிவான இடம் குறைவு.

கீழே நெட்டுக்குத்தாக நிற்பது சாம்பல் நிற கிரேவாக் என்னும் கடினமான மணற்பாறை, வயது சுமார் 43.5 கோடி ஆண்டு. அதன் தலையைச் சீவிவிட்டு மேலே லேசான சாய்வில் படுத்திருப்பது சிவப்பு மணற்பாறை, சுமார் 37 கோடி ஆண்டு. இரண்டும் தொடுகிற கோட்டில் ஆறரைக் கோடி ஆண்டுப் பதிவு காணவில்லை. 1788-ல் நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன், தன் நண்பர்கள் ஜான் பிளேஃபேரையும் ஜேம்ஸ் ஹாலையும் கூட்டிக்கொண்டு படகில் போய்ப் பார்த்தது இந்தக் கோட்டைத்தான். ஆழ்கடலில் மணலும் சேறும் படிந்து, இறுகி, மடிந்து நிமிர்ந்து, நிலமாக மேலே வந்து, மழையிலும் ஆற்றிலும் கரைந்து தேய்ந்து, அதற்கப்புறம்தான் சிவப்பு மணல் வந்து மூடியிருக்கிறது. அந்தக் கோடு ஒரு காலத்தில் வெயில் பட்ட தரை. மேலும் கீழும் உள்ள பாறைக்கு நோட்டில் எத்தனை பக்கம் ஒதுக்குகிறாயோ, அத்தனை பக்கம் கோட்டுக்கும் ஒதுக்கு.

இப்படிப்பட்ட இடைவெளி உருவாவதை நீ சின்ன வயதிலிருந்து பார்த்தே வளர்ந்திருக்கிறாய். நம் கரையில் மணல் வருஷக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களில் துறைமுகம் கட்ட ஆரம்பித்த பிறகு அந்த மணல் தெற்கே தேங்கியது. மெரினா அகலமானது அப்படித்தான். வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் வரவேண்டிய மணல் வரவில்லை, அலை மட்டும் வந்தது. கரை அரித்தது, கல்லைக் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கற்சுவராகத் தூண்டில் வளைவு போட்டார்கள். ஒரே கடல், ஒரே காலம். ஒரு புறம் பக்கம் பக்கமாக எழுதப்படுகிறது, இன்னொரு புறம் எழுதியதே கிழிக்கப்படுகிறது. இடைவெளி என்றாலே உலகம் முழுக்க எதுவும் நடக்காத காலம் என்று நினைத்துவிடாதே. இங்கே காணாமல் போனது வேறெங்கோ படிந்திருக்கும். எங்கே என்று கேட்பது உன் வேலை.

போவதற்கு முன்னால் கையைப் பழக்கிக்கொள். நீ இருக்கும் எடின்பரோவில் போர்ட்டோபெல்லோ கடற்கரை இருக்கிறதே, பெரிய அலை அடித்து ஓய்ந்த ஒரு நாள் அங்கே போ. கரைக்குச் செங்குத்தாக ஒரு மீட்டர் நீளம், முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாமல் ஒரு குழி வெட்டு. காய்ந்த மணல் சரியும். முதலில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, கரண்டியின் விளிம்பால் ஒரு சுவரை மட்டும் நேராகச் சீவு. மெல்லிய கோடுகள் கடலைப் பார்த்துச் சில டிகிரி சாய்ந்து தெரியும். நம் எண்ணூர் மணலாக இருந்தால் இல்மனைட், கார்னெட் என்னும் கனமான கனிம மணிகள் கறுப்பும் செம்மையுமாகப் பட்டை பட்டையாகக் காட்டிக்கொடுக்கும்; அங்கே நிற வித்தியாசம் குறைவாக இருக்கலாம், மணியின் பருமனைப் பார். எங்காவது ஒரு கோடு மற்ற கோடுகளை வெட்டிக்கொண்டு போகும். அதற்குக் கீழே உள்ளவை அதில் முட்டி நின்றுவிடும், மேலே உள்ளவை அதற்கு இணையாகப் போகும். அதுதான் புயல் அரித்த தரை. சில மாத இடைவெளி, கையளவு உயரத்தில். சிக்கர் முனையிலும் இதே வடிவத்தைத்தான் தேடப்போகிறாய்.

இடத்துக்குப் போனதும் பாறையை நோக்கி ஓடாதே. மேலே புல்சரிவில் நின்று முதலில் தூரத்திலிருந்து வரை. கோடு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எந்த அடுக்கு எதில் முட்டுகிறது என்பது நூறு மீட்டர் தள்ளி நின்றால்தான் தெரியும். மூக்கை வைத்துப் பார்த்தால் தெரியாது. பிறகு இறங்கு. கோட்டுக்குக் கீழே மூன்று இடம், மேலே மூன்று இடம், ஒவ்வொன்றிலும் ஸ்ட்ரைக்கும் (அடுக்கின் பரப்பில் கிடைமட்டமாக ஓடும் கோட்டின் திசை) டிப்பும் (அடுக்கு சாயும் கோணமும் திசையும்) எடு. தரையில் நிலையாக இருக்கும் பாறையில் மட்டும் எடு. நம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு ஓரத்தில் கொட்டியிருக்கும் கருங்கல்லில் சாய்வு அளக்கும் கிளைனோமீட்டரை வைப்பதில் அர்த்தம் உண்டா? கரையில் உருண்டு கிடக்கும் கல்லும் அப்படித்தான். அது எங்கே பிறந்தது என்று தெரியாது.

டிப் விஷயத்தில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ஓட்டு வீட்டைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் கூரை சரிவது தெரியும். வாசலுக்கு எதிரே நின்று பார்த்தால் ஓட்டு வரிசைகள் கிடைமட்டமாகத்தான் தெரியும். பாறை முகமும் அப்படித்தான் ஏமாற்றும். அடுக்கின் உண்மையான சாய்வு 30 டிகிரி. நீ பார்க்கும் வெட்டு முகம் ஸ்ட்ரைக்குக்கு 30 டிகிரி கோணத்தில் போகிறது என்று வைத்துக்கொள். முகத்தில் தெரியும் சாய்வு 16 டிகிரிதான். முகம் ஸ்ட்ரைக்குக்கு இணையாகவே போனால் சாய்வு பூஜ்யம். அப்போது கீழடுக்கும் மேலடுக்கும் ஒன்றுபோலக் கிடையாகத் தெரியும், இடைவெளியே இல்லை என்று எழுதிவிட்டு வந்துவிடுவாய். ஒரே முகத்தை நம்பாதே. குறைந்தது இரண்டு திசையில் வெட்டுப்பட்ட முகங்களைப் பார், அல்லது அடுக்கின் தட்டைப் பரப்பு வெளியே தெரியும் இடத்தைத் தேடி அதன்மேல் வைத்து அள.

மேலடுக்கும் சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வைக் கழித்தால்தான் பழைய நிலை தெரியும். கீழே 50 டிகிரி கிழக்கு, மேலே 15 டிகிரி கிழக்கு, ஸ்ட்ரைக் ஒன்றே என்றால், மேல் மணல் படிந்த நாளில் கீழடுக்கு 35 டிகிரி சாய்ந்து இருந்தது. ஸ்ட்ரைக் வேறாக இருந்தால் இப்படிக் கழிக்கக் கூடாது, திசையையும் சாய்வையும் குறிக்கும் வட்ட வரைபடமான ஸ்டீரியோநெட்டில் சுழற்று.

அடுத்து கோட்டை ஒட்டி மண்டியிட்டு உட்கார். பத்து மடங்கு லென்ஸை எடு. மேல் பாறையின் அடிப்பகுதியில் கூரான சாம்பல் துண்டுகள் பதிந்திருக்கும். அவை கீழே நிற்கும் கிரேவாக்கின் உடைசல்கள். இதைவிட நல்ல சாட்சி வேறு கிடையாது: ஒரு பாறையின் துண்டு இன்னொன்றுக்குள் இருந்தால், துண்டைக் கொடுத்ததுதான் மூத்தது. துண்டுகள் உருண்டையா, கூரா என்று குறி. கூராக இருந்தால் அதிக தூரம் உருண்டு வரவில்லை. பள்ளத்தில் உடைசல் கனமாகவும் மேட்டில் மெலிந்தும் இருக்கிறதா என்று டேப் வைத்து ஐந்தாறு இடத்தில் அள. பழைய தரையில் பள்ளம் முதலில் நிரம்பும், மேடு கடைசியில்தான் மூடும். மாமல்லபுரத்தில் பார்த்திருப்பாயே, பாறை இடுக்கில் மணல் நிரம்பியிருக்கும், உச்சி இன்னும் மொட்டையாக வெயிலில் இருக்கும். அதனால் ஒரே கோட்டில் ஓர் இடத்து இடைவெளியும் பத்தடி தள்ளி இருக்கும் இடைவெளியும் சமமாக இருக்க வேண்டியதில்லை.

அந்தச் சிவப்பு மணற்பாறைக்குள்ளேயே சாய்ந்த கோடுகள் வெட்டுப்பட்டு நிற்பதைப் பார்க்க நேரும். ஆற்று மணல் சரிந்து படிந்த தடம் அது. உலர் மணல் 34 டிகிரிக்கு மேல் நிற்காது, பாறை வகை மாறாது, அந்த வெட்டு ஓர் அடுக்கோடு முடிந்துவிடும். அதை இடைவெளி என்று எழுதாதே. கோட்டை ஒட்டி நொறுங்கிய மாவும் வழவழப்பான கீறல் பரப்பும் இருந்தால் அது பிளவுப்பெயர்ச்சி, பாறை உடைந்து நகர்ந்த இடம். அதற்கு வேறு கணக்கு.

எடின்பரோவில் இருக்கும்போதே சாலிஸ்பரி கிராக்ஸ் குன்றுச் சரிவில் ஹட்டன் காட்டிய முகத்தையும் பார்த்துவிடு. அங்கேயும் இரண்டு பாறை ஒட்டி நிற்கிறது, ஆனால் உறவு வேறு. உருகிய பாறை உள்ளே புகுந்து படிவு அடுக்கை நெம்பித் தூக்கியிருக்கிறது. சூடு பட்ட அடுக்கு வெந்து இறுகியிருக்கும். இதைத் திருப்பதி மலைப்பாதையோடு ஒப்பிட்டுப் பார். அங்கே கிரானைட் மேல் நகரி குவார்ட்சைட், அதாவது மணல் இறுகிய கடினப் பாறை, உட்கார்ந்திருக்கிறது. கீழே கிரானைட் என்றதும் அது பிறகு புகுந்தது என்று எண்ணத் தோன்றும். மேலே உள்ளது வெந்திருக்கிறதா, கிரானைட் நரம்பு மேலே ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லை; கிரானைட் தேய்ந்து தட்டையான பிறகுதான் மணல் வந்திருக்கிறது. இடையில் சுமார் 50 கோடி ஆண்டு என்று சொல்கிறார்கள். தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்த இடம் அது. சாமி பார்க்கப் போகிற எத்தனை லட்சம் பேர் ஜன்னல் வழியாக அதைக் கடந்து போகிறார்கள்! அடுத்த முறை நாம் சேர்ந்து போகும்போது வலப்பக்கம் இடப்பக்கம் இரண்டிலும் கண்ணை வை.

கண்ணுக்கே தெரியாத இடைவெளிதான் கஷ்டம். மேலும் கீழும் இணையாக, ஒரே நிறத்தில், களி மேல் களியாக இருக்கும். நம் நகரத்தின் வடக்கு, மேற்குப் பக்கங்களில் ஆற்றுப் படிவுக்குக் கீழே மிகப் பழைய கோண்டுவானா காலக் களிப்பாறை இருக்கிறது. போர்வெல் போடுகிறவர் இரண்டையும் களி என்றே எழுதிவைப்பார். நடுவில் பத்துக் கோடி ஆண்டு போயிருக்கும். தலைகீழாகவும் நடக்கும்: எண்ணூரில் கடல் சேரும் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில், அத்திரம்பாக்கத்தில், ஒரு களி அடுக்கை டைனோசர் காலத்துக் களிப்பாறை என்றே முன்பு நினைத்தார்கள். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் தோண்டியபோது அந்தக் களிக்குள்ளேயே கற்கருவிகள் இருந்தன. சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் வெளியிட்டார்கள். நிறத்தையும் பெயரையும் நம்பி அடுக்குக்கு வயது போட்டால் இதுதான் நடக்கும். இப்படிப்பட்ட இடத்தில் தேட வேண்டியது: இறுகிய இரும்பு ஓடு, வேர்த்தடம், புழு துளைத்த கெட்டியான பரப்பு, கிளாக்கனைட் என்னும் பச்சை நிறக் கனிம மணிகள், மேலும் கீழும் சட்டென்று மாறும் புதைபடிவம். ஒன்று கிடைத்தால் சந்தேகப்படு, இரண்டு கிடைத்தால் எழுது.

இன்னொன்று. ஆறரைக் கோடி ஆண்டு முழுக்க அரிப்பு நடந்தது என்று அறிக்கையில் எழுதிவிடாதே. அந்தக் காலத்தில் ஒரு பகுதியில் படிவு சேர்ந்திருக்கலாம், சேர்ந்ததும் அரிபட்டுப் போயிருக்கலாம். கோடு மொத்தத்தைத்தான் சொல்லும், பிரித்துச் சொல்லாது.

சுத்தியலை அறையிலேயே வைத்துவிட்டுப் போ, அது பாதுகாக்கப்பட்ட இடம். அலை இறங்கும் நேரம் பார்த்து, இறங்கத் தொடங்கியதும் கீழே போ. ஏறத் தொடங்குவதற்கு முன் மேலே வந்துவிடு. சரிவு செங்குத்து, ஈரப்புல் வழுக்கும், கீழே பாசி அதைவிட மோசம். பிடிப்புள்ள ஷூ போடு, தனியாக இறங்காதே. பென்சில் இரண்டு எடுத்துக்கொள், மழையில் பேனா எழுதாது. வரைந்த பக்கத்தை அளவுகோலோடும் வடக்கு திசையோடும் போட்டோ எடுத்து அன்றைக்கே அனுப்பு. கோட்டின் மேலே உள்ள துண்டுகள் கூரா உருண்டையா என்று மறக்காமல் குறித்திரு, அதைத்தான் முதலில் கேட்பேன்.

அன்புடன்,
அம்மா