35–7 என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள்

ரக்பி வர்ணனையாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் வணக்கம்.

உலகக் கோப்பைக்கு முன்னால் அணிகள் ஆடும் ஆயத்த ஆட்டங்களைப் பற்றி உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த ஆட்டங்களின் ஸ்கோரை வைத்தே "இந்த அணி ஃபார்முக்கு வந்துவிட்டது, அந்த அணி தேறாது" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். நீங்கள் சொல்வதை நம்பித்தான் எங்களைப் போன்ற ரசிகர்கள் ஆட்டத்தைப் பார்க்கிறோம்.

2023 ஆகஸ்ட் 25, ட்விக்கென்ஹாம் மைதானம். தென்னாப்பிரிக்கா 35, நியூசிலாந்து 7. ஆல் பிளாக்ஸ் எனப்படும் நியூசிலாந்து அணி அதுவரை தன் வரலாற்றிலேயே அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் தோற்றதில்லை. அதன்பின் பல நாட்கள் எங்கு பார்த்தாலும் அந்த இரண்டு எண்கள்தான். ஆனால் அக்டோபர் 28 அன்று இறுதிப் போட்டியில் அதே இரண்டு அணிகளும் மோதியபோது தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11. 28 புள்ளி வித்தியாசம் ஒரே புள்ளியாகிவிட்டது.

அப்படியானால் அந்த ஆகஸ்ட் ஆட்டத்தால் ஒன்றும் தெரியவில்லையா? நிறையவே தெரிந்தது. ஸ்காட் பாரெட் இரண்டு மஞ்சள் அட்டை வாங்கி முதல் பாதியிலேயே வெளியேறினார். கேப்டன் சாம் கேனுக்கும் ஒரு மஞ்சள் அட்டை. இறுதிப் போட்டியில் அதே கேன் சிவப்பு அட்டை பெற்றார். தென்னாப்பிரிக்காவின் 12 புள்ளிகளும் எதிரணியின் தவறுகளுக்குக் கிடைத்த பெனால்டி உதைகளிலிருந்தே வந்தன. இன்னொன்று, கடைசி நேரத்தில் ஒரு மாற்று வீரர் விலக, தென்னாப்பிரிக்காவின் மாற்று வரிசையில் ஏழு ஃபார்வர்டுகளும் (முன்னால் நின்று தள்ளுபவர்கள்) ஒரே ஒரு பேக்கும் (பின்னால் நின்று பந்தோடு ஓடுபவர்) இருந்தார்கள். அந்த 7–1 ஏற்பாட்டை அவர்கள் இறுதிப் போட்டியிலும் பயன்படுத்தினார்கள். அன்றைய பெரிய செய்தி அதுதான் என்பேன்.

இங்கிலாந்தும் அப்படித்தான். நான்கு ஆயத்த ஆட்டங்களில் மூன்றில் தோல்வி. முதல்முறையாக ஃபிஜியிடமும் தோற்றார்கள், 22–30. கதை முடிந்தது என்றார்கள். ஆனால் அந்த அணி மூன்றாம் இடம் பிடித்தது. அரையிறுதியில் தோற்றதும் ஒரு புள்ளியில்தான். தொடர்ந்து வந்த குறை வேறு. உயரமாகப் போய் டேக்கிள் செய்ததற்காக ஓவன் ஃபாரெலும் பில்லி வூனிபோலாவும் ஆகஸ்டிலேயே சிவப்பு அட்டை வாங்கியிருந்தார்கள். உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் முதல் ஆட்டத்தில், மூன்றாவது நிமிடத்தில் டாம் கரி அதே குறையோடு வெளியே போனார்.

ஸ்கோரே உண்மையைச் சொன்ன இடமும் உண்டு. ஃபிஜியின் அந்த வெற்றி தற்செயல் அல்ல. ஃபிஜியன் ட்ரூவா என்ற ஃபிஜி கிளப் அணி 2022 முதல் சூப்பர் ரக்பி லீக்கில் ஆடிவருவதால் அந்த வீரர்களில் பலர் ஒன்றாக ஆடிப் பழகியவர்கள். அப்புறம் உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவை 22–15 என்று வென்றார்கள், 1954க்குப் பிறகு முதல்முறையாக.

ஆயத்த ஆட்டத்தில் கடும் உடற்பயிற்சியால் கால்கள் கனத்திருக்கும். யாரைத் தேர்ந்தெடுப்பது என்று பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருப்பார். லைன்அவுட்டில், அதாவது கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே எறியும்போது, நல்ல உத்திகளை ஒளித்துவைத்துக்கொண்டு எளிய எறிதலையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். யாருக்கும் அடிபடக் கூடாதே என்ற பயம் வேறு. 2023ல் ஸ்காட்லாந்தை பிரான்ஸ் வென்ற ஆயத்த ஆட்டத்தில்தான் ரொமேன் என்டமாக் முழங்காலில் அடிபட்டு உலகக் கோப்பையையே இழந்தார். அந்த ஒரு காயத்துக்கு முன்னால் வெற்றி எத்தனை புள்ளியில் வந்தால் என்ன?

இரு அணி ஃபார்வர்டுகளும் பிணைந்து நின்று ஒருவரையொருவர் தள்ளும் ஸ்க்ரம்மை மட்டும் யாராலும் ஒளிக்க முடியாது. அது இறங்கும்போது எங்கள் கண்ணைப் பந்திலிருந்து கொஞ்சம் திருப்புங்கள். ஸ்க்ரம்மின் முதல் வரிசையில் வலது முனையில் தள்ளும் டைட்ஹெட் ப்ராப்பின் முதுகு நேராக இருக்கிறதா, இடுப்பு மேலே எழும்புகிறதா, பிடித்திருக்கும் கையின் முழங்கை தரையைப் பார்த்துத் தாழ்கிறதா என்று காட்டுங்கள். அந்த முழங்கை தாழத் தொடங்கினால் பெரும்பாலும் அடுத்து பெனால்டிதான். அரை நொடியில் நடந்துவிடும். சொல்லித்தராமல் எங்களுக்குத் தெரியாது.

2027ல் ஆஸ்திரேலியாவில் 24 அணிகள் ஆடப்போகின்றன. பல அணிகளை நாங்கள் அந்த ஆயத்த ஆட்டங்களில்தான் முதன்முதலாகப் பார்ப்போம். இறங்கியிருக்கும் 15 பேரில் முதல் ஆட்டத்திலும் இறங்கக்கூடியவர்கள் யார், எந்த இடத்துக்கு இன்னும் போட்டி நடக்கிறது, எத்தனை பெனால்டி எதற்காக விட்டுக்கொடுத்தார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். ஸ்கோரை அதற்கப்புறம் சொன்னால் போதும்.

அன்புடன்,
ஆயத்த ஆட்டங்களையும் விடாமல் பார்க்கும் ஒரு ரசிகர்