ஏப்ரல் 27-ஐயும் மாநகரம் நினைக்க வேண்டும்

பெருமதிப்பிற்குரிய சென்னை மாநகராட்சி மேயர் அவர்களுக்கும் மாமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கோட்டை கட்ட இடம் கிடைத்த 1639 ஆகஸ்ட் 22-ஐ இந்நகரின் பிறந்தநாளாகக் கொண்டாடி வருகிறோம். அந்த விழா தொடரட்டும். ஆனால் இந்நகரை உழைத்து வளர்த்தவர்களுக்கும் ஒரு நாள் வேண்டும். அது ஏப்ரல் 27-ஆக இருக்க வேண்டும் என்பதே பெரம்பூரில் பிறந்து வளர்ந்த என் வேண்டுகோள்.

1918-ஆம் ஆண்டு அந்த நாளில், ஒரு சனிக்கிழமையில், பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. முறையாக அமைந்த இந்தியத் தொழிற்சங்கங்களுள் முதலாவதாக அது கருதப்படுகிறது. செல்வபதி செட்டியாரும் இராமானுசுலு நாயுடுவும் அதற்காக ஓடியாடி உழைத்தனர், அன்னி பெசன்ட்டின் உடனுழைப்பாளரான பி. பி. வாடியா தலைவரானார், ‘தேசபக்தன்’ ஆசிரியராக இருந்த திரு.வி.க. துணை நின்றார். எங்கள் பக்கத்தில் இன்றும் ‘பி அண்ட் சி மில்’ என்றே சொல்லப்படும் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் முதலில் கேட்டவற்றுள் ஒன்று, அரை மணி நேர உணவு இடைவேளையைச் சற்று நீட்டித் தரவேண்டும் என்பதாகும். வீட்டுக்கு ஓடிப்போய் இரண்டு வாய் உண்டு, சங்கு ஊதுவதற்குள் திரும்பியாக வேண்டியிருந்தவர்களுக்கு அந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு பெரியவை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

1920 டிசம்பரில் ஆலைத் தகராற்றின்போது காவல்துறை சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். தொழிலாளரை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினர் என்று ஆலை நிர்வாகம் வாடியா முதலியோர் மீது உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்பதை நாட்டுக்கு உணர்த்தியது. 1926-இன் தொழிற்சங்கச் சட்டத்துக்கு அதுவும் ஒரு தூண்டுதலாயிற்று.

1921-ஐப் பற்றியும் நாம் மறைக்காமல் பேச வேண்டும். அவ்வாண்டின் நீண்ட வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பியதும், புளியந்தோப்பில் சாதி வழியே கலவரம் மூண்டு குடிசைகள் எரிந்ததும், ஆகஸ்ட் 29 அன்று துப்பாக்கிச்சூடு நடந்ததும் அதே சங்கத்தின் வரலாற்றைச் சேர்ந்தவையே. ஒரே தறிக்கூடத்தில் வேலை செய்தவர்கள் ஒரே தெருவில் வாழ முடியாத நிலை இருந்ததை விட்டுவிட்டு நடத்தப்படும் விழா, எரிந்த குடிசைகளின் வழிவந்தோரை மீண்டும் ஒருமுறை ஒதுக்குவதாகவே அமையும்.

1996-இல் ஆலை மூடப்பட்டது; அதன் நினைவைக் காப்பது இனி நம் பொறுப்பு. ஆகவே வரும் ஏப்ரல் 27 அன்று பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் மாநகராட்சியே நினைவுக் கூட்டங்கள் நடத்த வேண்டும் என்றும், ஆலையில் வேலை பார்த்த குடும்பங்களின் பெட்டிகளில் கிடக்கும் சம்பளச் சீட்டுகளையும் சங்க ரசீதுகளையும் புகைப்படங்களையும் படியெடுத்துக்கொண்டு உரியவர்களிடமே திருப்பித் தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆலையில் கடைசிவரை வேலை பார்த்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். முதல் கூட்டத்தில் அவர்களைப் பேச அழையுங்கள்.

இப்படிக்கு,
பெரம்பூர்வாசி ஒருவர்