கனத்தையில் பெரிய தாத்தாவைத் தேடி

கொழும்பு,
நவம்பர் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இங்கே மழை பிடித்துவிட்டது, வேலையும் பழகிவிட்டது. நேற்று கல்லறைத் திருநாள் என்பதால், நீங்கள் சொல்லியிருந்தபடி பெரிய தாத்தாவின் கல்லறையைத் தேடி, வீட்டுக்கார அக்காவுடன் கொட்டாஞ்சேனையிலிருந்து பொரளைக்குப் போய் வந்தேன். கனத்தை என்று இவ்வூரார் சொல்லும் அந்த மயானம் 1866இல் தொடங்கப்பட்டது. நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைப் போல அது ஒரு சபைக்கு மட்டும் உரியதன்று. எல்லாச் சமயத்தாருக்கும் அங்கே இடம் உண்டு, எரியூட்டும் கூடமும் உண்டு.

கத்தோலிக்கப் பகுதியில் திகைத்து நின்றுவிட்டேன், அப்பா. எங்கே திரும்பினாலும் பர்னாந்து. 1530களில் நம் கடற்கரை மக்கள் ஞானஸ்நானம் பெற்றபோது போர்த்துக்கீசரிடமிருந்து வந்த அதே பெயர், இங்குள்ள சிங்களக் குடும்பங்களுக்கும் அவர்கள் வழியாகவே வந்திருப்பதால், பெயரை வைத்துக்கொண்டு நம்மவரைப் பிரித்தறிய முடியவில்லை. சிங்களத்தில் இருந்த கற்களை அக்கா ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னார். பாசி படிந்த ஒரு கல்லை நகத்தால் சுரண்டியபோது, தமிழில் ‘தூத்துக்குடி’ என்ற சொல் வெளிப்பட்டது. எனக்கு நெஞ்சு படபடத்துவிட்டது. ஆனால் அது ஒரு பெண்ணின் கல்லறை. நம் ஊர்க்காரி ஆயிற்றே என்று அங்கேயே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினேன். காற்றில் இருமுறை அணைந்து, அக்கா குடையைச் சாய்த்துப் பிடித்த பிறகே நின்று எரிந்தது.

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பலாம் என்று 1945லேயே எழுதியவர் என நீங்கள் வகுப்பில் சொல்லும் ஆர்தர் சி. கிளார்க்கும் 2008இல் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெரியவராகவே இல்லை, வளர்வதை நிறுத்தவும் இல்லை என்ற பொருளில் அவர் கல்லில் எழுதியிருக்கிறது.

வெளியே வரும்போது வாசலருகே அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். 1983 ஜூலை 24 அன்று, யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்ட 13 இராணுவ வீரர்களை அடக்கம் செய்வதற்காக இங்கேதான் கூட்டம் திரண்டதாம். அன்றிரவு பொரளையில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரியத் தொடங்கினவாம். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் அந்த வாசலில் நிற்க விரும்பவில்லை. என் கையைப் பிடித்து வேகமாக நடந்தார்.

இறந்த ஆண்டும் மாதமும் தெரிந்தால்தான் பதிவேட்டில் தேட முடியும் என்று மயான அலுவலகத்தில் சொன்னார்கள். பாட்டியின் ஜெபப் புத்தகத்துக்குள் பெரிய தாத்தாவின் மரண அறிவிப்பு மடித்து வைத்திருந்ததாக எனக்கு நினைவு. தயவுசெய்து தேடிப் பாருங்கள். தோணியில் வந்து புறக்கோட்டைக் கடையில் வேலை பார்த்தவருக்குக் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் பூசை வைத்தார்களா, புனித லூசியாள் பேராலயத்தில் வைத்தார்களா என்பதையும் அத்தையிடம் கேட்டு எழுதுங்கள். அங்கும் போய் விசாரிக்கிறேன்.

அன்பு மகள்